ஆர் தேடிப் பாத்தது?

எங்கள் வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் அந்தச் செய்தி கீழ்வீட்டு அக்காவின் காதுக்குப் போய்விடக் கூடாது. போனால் அன்றைய நாள் அதோடு சரி. ஒருமுறை என் தோட்டின் திருகுச் சுரை கழன்று எங்கோ விழுந்துவிட்டது. மிளகளவு சாமான். போனால் போகட்டும், வேறு வாங்கலாம் என்று குசினியில் நின்று கணவரிடம் சொன்னேன். கனடாவில் எங்கள் ரூஜ் பக்கத்து வீடுகளில் மேலே கதைப்பது சூடுகாற்றுக் குழாய் வழியாகக் கீழே போகும். கீழே வறுக்கும் மிளகாய் அதே வழியால் மேலே வரும். கொஞ்ச நேரத்தில் படிக்கதவு தட்டுப்பட்டது.

"துலைஞ்சுபோச்சு எண்டு முடிவு கட்டினது ஆர்? ஆர் தேடிப் பாத்தது?"

"பாத்தனான் அக்கா. காணேல்லை."

"பாக்கிறது வேறை, தேடுறது வேறை."

கூட்டும் மெஷினின் பையைக் கழற்றினார். இலவசத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை விரித்து, ஒரு வாரத் தூசியை அதில் கொட்டி, என்னுடைய இடியப்ப மா அரிக்கும் அரிதட்டால் அரிக்கத் தொடங்கிவிட்டார். அரிதட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அரைமணி நேரம் குந்தியிருந்து அந்தச் சுரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பெருமைப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அரிதட்டை நான் குப்பையில் போட்டேன், அதுவும் சத்தமில்லாமல்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஐந்தாறு வருடங்கள் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தார். தனி ஆள். பாண் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை. மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வரும்போது அவர் உடுப்பில் வெந்த மா மணக்கும். கழுத்தில் தாலிக்கொடி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருசன் எங்கே என்று முதல் வாரமே நான் கேட்டுவிட்டேன், எனக்கு வாய் சும்மா இருக்காது. "வாறதுக்கு நிக்கிறார்" என்றார். எங்கே நிற்கிறார் என்று கேட்க ஏனோ துணியவில்லை.

அவரை எங்களிடம் கூட்டிவந்து விட்டவர் அவருடைய தமையனார். மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் பகுதியில் வேலை செய்கிறார். நெடுவல் மனிதர். ஞாயிறு தவறாமல் மீன்குழம்புச் சட்டியோடு வருவார். வந்தால் படியடியில் தாழ்வாக ஓடும் குழாயில் தலையை இடிக்காமல் போனதில்லை. 'டங்' என்ற சத்தம் மேலே கேட்டால், அண்ணை வந்துவிட்டார் என்று நாங்கள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்போம்.

வெளியில் கம்பங்களில் ஒட்டியிருக்கும் காணாமல் போன பூனை விளம்பரங்களை நீங்களும் நானும் பார்த்துக்கொண்டு போவோம். அக்கா நிற்பார். படத்தை மனதில் பிடித்துக்கொள்வார். பிறகு வேலி ஓரம், கராஜ் இடுக்கு, குப்பைத் தொட்டிப் பின்புறம் எல்லாம் குனிந்து பார்ப்பார். ஒருநாள் அந்த விளம்பரத்து நம்பருக்கே போன் எடுத்துவிட்டார். பூனை கிடைத்துவிட்டதாக்கும் என்று அந்த வெள்ளைக்காரப் பெண் அந்தரப்பட்டிருக்கிறாள். இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "கேற் நோ. பட் ஐ ஆம் லுக்கிங்" என்றிருக்கிறார். அந்தப் பெண் அழுதுகொண்டே தாங்க் யூ சொன்னாளாம். "பாவம், அவளோடை சேந்து தேட ஒருத்தருமில்லை" என்றார் அக்கா.

இந்தத் தேடல் குணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு பனிநாளில்தான் எனக்கு விளங்கியது. இரவு முழுவதும் கொட்டிய பனி பேஸ்மென்றின் சின்ன யன்னல்களை மூடிவிட்டது. பஸ் ஓடவில்லை. சூப் கொண்டு கீழே போனேன். யன்னலுக்கு வெளியே வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் அக்கா கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். "இந்த வெளிச்சம் லோமே வீடு மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார்.

லோமே எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆபிரிக்காவில் டோகோ என்ற நாட்டின் தலைநகரமாம். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரன் கூட்டிப்போய் இறக்கிவிட்ட இடம். ஒரு வீட்டின் மேல்மாடி அறை. ஒரு பஸ்ஸை நிரப்பக்கூடிய சனம். யன்னலுக்கு வெளிப்புறம் பலகை அடித்திருந்தது. வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும், உங்கள் பாதுகாப்புக்குத்தான் பூட்டுகிறோம் என்று சொல்வார்களாம். இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று மாதக்கணக்காக அங்கேயே கிடந்திருக்கிறார்கள். அக்காவும் அவருடைய புருசனும் அதற்குள்.

அந்த வீடு முன்னொரு காலத்தில் பள்ளிக்கூடமாகவோ வாத்தியார் ஒருவருடைய வீடாகவோ இருந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது: டோகோ நாட்டுக் காட்டு மிருகங்கள். யானை, நீர்யானை, சிங்கம், சிம்பன்சி, காட்டுநாய், மான் வகைகள், அழுங்கு, ஆற்றில் வாழும் கடற்பசு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறத்தில் ஒரு வட்டப் பொட்டு. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. வாசலில் காவலுக்கு இருந்த கிழவர்தான் சைகையால் விளங்கப்படுத்தினாராம். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஏற ஏற ஆபத்து. கறுப்பு என்றால் அந்த நாட்டில் முடிந்தது. சிங்கத்துக்கும் சிம்பன்சிக்கும் காட்டுநாய்க்கும் கறுப்புப் பொட்டு. வாழ்நாளெல்லாம் ஆபிரிக்கா என்றால் சிங்கம் என்று நினைத்திருந்த எங்கள் சனத்துக்கு அது பெரிய ஏமாற்றமாம்.

கீழ் மூலையில் ஒரு சின்ன எலி. மண்ணிறம், கட்டை வால். அதற்கு மட்டும் சாம்பல் நிறப் பொட்டு. அது என்ன என்று கேட்டதற்குக் கிழவர் இரண்டு கைகளையும் விரித்து, தோளைத் தூக்கிக் காட்டினாராம்.

"எங்கடை ஆள் உடனை சொல்லிப்போட்டார், 'தகவல் காணாது, போதாது' எண்டு" என்றார் அக்கா. "உயிரோடை இருக்கெண்டும் சொல்லேலாது, செத்துப்போச்செண்டும் சொல்லேலாது. தகவல் காணாது."

புருசன் பகிடிக்காரர். பூட்டிய அறைக்குள் ஒவ்வொரு மிருகமாக நடித்துக் காட்டிச் சனத்தைச் சிரிக்க வைத்திருக்கிறார். எலி நடிக்கும்போது இரண்டு கைகளையும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மூக்கைத் துடிக்க வைப்பாராம். காவல் கிழவரே அதைப் பார்க்க மாடியேறி வருவாராம். பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. விடிந்ததும் ஆளாளுக்கு நிறம் சொல்வார்கள். இந்தக் கிழமை பிளைற் என்று ஏஜென்சி சொன்னவன் பச்சை. பாஸ்போட் பிழையாய்ப் போனவன் சிவப்பு. காய்ச்சல்காரி செம்மஞ்சள். புருசன் மட்டும் எந்த நாளும் சாம்பல்தான். "நான் எப்ப, எதாலை வெளிக்கிடுவன் எண்டு ஆருக்கும் தெரியாது" என்பாராம்.

ஒருநாள் காலையில் ஆண்களில் கொஞ்சப் பேரைத் தெரிந்தெடுத்து வான் வண்டி ஒன்றில் ஏற்றினார்கள். பெண்கள் பின்னால் வருவீர்கள் என்றார்கள். புருசன் வண்டியில் ஏறும்போது திரும்பி, இரண்டு கைகளையும் வாய்க்குக் கிட்ட வைத்து மூக்கைத் துடிக்க வைத்தார். பெண்கள் பின்னால் கனடாவுக்கு வந்துதான் சேர்ந்தார்கள். முன்னால் போன ஆண்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் நம்பர் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

சூப் ஆறிப்போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. "றோட்டாலை வேறை நாட்டு எயாப்போட்டுக்குக் கொண்டுபோயிருப்பாங்கள். எங்கையோ மாட்டுப்பட்டு நிக்கிறார்" என்றார். "செத்திருந்தால் ஆரேன் கண்டிருப்பினம். ஆர் தேடிப் பாத்தது?"

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் எரிச்சல் வருவதில்லை. அரிதட்டை நினைத்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் வரும்.

தமையனாருடைய ஒரே மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள். மாமியில் உயிர். அவள்தான் போனில் அந்த எலியைத் தேடிப் பிடித்துக் காட்டினாள். எலியின் நிஜப் படம்கூடக் கிடையாது. நூறு வருடங்களுக்கும் முன்னால் யாரோ பிடித்த ஒன்றிரண்டின் உடல்கள் வெளிநாட்டு மியூசியத்தில் இருக்கின்றனவாம். அதற்குப் பிறகு உயிரோடு கண்டதாக ஒரு விஞ்ஞானியும் சொல்லவில்லையாம்.

"லைக், ஒருத்தருமே காணேல்லை மாமி. பட் எக்ஸ்ரிங்ற் எண்டு இன்னும் போடேல்லை. ஸ்ரில் சாம்பல்தான்."

"நூறு வரியமாயும் அழிஞ்சுபோச்செண்டு எழுதேல்லையோ?"

"இல்லை மாமி."

அக்கா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒரு எலிக்கு நூறு வருடம் பொறுக்கிறார்கள் என்றால் மனிதனுக்கு எவ்வளவு பொறுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டது எனக்கு முகத்திலேயே தெரிந்தது.

இந்த எலி விவகாரத்தால் என் கணவர்தான் கஷ்டப்பட்டார். மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் எலி வரும். பின்னால் பள்ளத்தாக்குக் காடு. கணவர் பேஸ்மென்றில் ஒட்டுப்பலகை வைப்பார். ஒருநாள் அதில் ஒன்று நாலு காலும் ஒட்டிக் கீச்சிட்டுக் கொண்டிருந்தது. அக்கா என்னுடைய நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போய், சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு காலாகக் கழற்றினார். பிறகு சப்பாத்துப் பெட்டியில் துணி போட்டு அதை வைத்து, சப்பாத்துக்குள் பனி போகப் போகப் பள்ளத்தாக்கு வரை நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"அக்கா, உது டோகோ எலியில்லை. உள்ளூர் எலி. எங்கடை அரிசியைத் திண்டு வளந்தது" என்றேன்.

"தெரியும். ஒட்டுப்பட்டு நிண்டதைத்தான் என்னாலை பாக்கேலாமல் போச்சு."

மறுவாரமே எலி திரும்பி வந்துவிட்டது. அதே எலிதான் என்று கணவர் சத்தியம் பண்ணுகிறார்.

ஒரு வசந்த காலத்தில் அண்ணையின் மகள், அக்காவின் அந்த மருமகள், எங்கள் இருவரையும் பக்கத்திலுள்ள மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனாள். ஆபிரிக்க மிருகங்களின் பக்கம் வந்ததும் அக்காவின் நடை மாறிவிட்டது. பழைய ஊர்க்காரரைக் காணப் போவது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஒவ்வொரு கூட்டின் முன்னாலும் அது எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று பலகையில் போட்டிருந்தார்கள். அதை மருமகளைக் கொண்டு வாசிப்பித்து, "எங்கடை சுவரிலையும் இதே நிறந்தான்", "இது அங்கை மஞ்சள்" என்று சரிபார்த்துக்கொண்டே வந்தார். சிங்கத்தடியில் நின்றுவிட்டார். வெயிலில் மல்லாந்து கிடந்தது அது.

"பாத்தியே பிள்ளை. அங்கை கறுப்புப் பொட்டுப் போட்டு முடிச்சுப்போட்டினம். இவர் இஞ்சை ஸ்காபரோவிலை படுத்துக் கிடக்கிறார்."

குரலில் அப்படி ஒரு சந்தோசம். டோகோச் சிங்கம் வேறு, இது வேறு என்று சொல்ல மருமகள் வாயெடுத்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

சிங்கம் எழுந்து கண்ணாடி ஓரமாக நடக்கத் தொடங்கியது. அந்த மூலைக்குப் போய்த் திரும்பி, இந்த மூலைக்கு வந்து திரும்பி, மறுபடியும் அந்த மூலைக்கு. காலடி பட்டுப் பட்டு அந்த வழியில் புல்லே இல்லை. அக்காவின் சந்தோசம் இறங்கிவிட்டது. "வெளியிலை விட்டால் ஆபத்து எண்டு உள்ளுக்கை வைச்சிருக்கினம் என்ன? எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவங்கள்" என்றார்.

அந்த மருமகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டை வரவேற்று ஆலாத்தி எடுக்கும் இரண்டு சுமங்கலிப் பெண்களில் ஒருவர் தன் மாமிதான் என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். தகப்பனுடைய கூடப்பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. தாய்க்காரிக்குப் பயம். புருசன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருத்தி தன் மகளுக்கு ஆலாத்தி எடுப்பதா, சபை என்ன சொல்லும் என்று அவருக்கு நித்திரை இல்லை. ஆலாத்தி எடுக்காவிட்டாலும், தாலியும் பொட்டுமாக வந்து நின்றால் எந்த வரிசையில் இருத்துவது? அவரையும் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஒரே மகள்.

தமையனார் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாகத் தகவல் இல்லை என்றால் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதைத் தகனம் பண்ணி, அந்தியேட்டிக் கிரியையும் முடித்துவிடலாம் என்று ஐயர் சொன்னாராம். கலியாணத்துக்கு முன் முடித்தால் எல்லோருக்கும் ஒரு தெளிவு. அக்கா தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும். அதைச் சொல்ல அண்ணை ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தார். 'டங்' என்ற சத்தம் கேட்டது. தேத்தண்ணியோடு நான் இறங்கியபோது, "நீங்களும் ஒருக்கா இருங்கோ தங்கச்சி" என்றார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "புல்லையோ எரிக்கப் போறியள்?" என்றார்.

"பிள்ளை, கலியாணத்துக்காண்டி மட்டும் சொல்லேல்லை. இந்தக் கிடங்குக்குள்ளை இன்னும் எத்தினை காலம் இருப்பாய்? உனக்கு என்ன வயசு? லோமேயிலை ஒரு அறையிலை பூட்டிவைச்சாங்கள். இஞ்சை நீயே பூட்டிக்கொண்டு இருக்கிறாய்."

"அவர் வந்தால் என்ன சொல்லுறது? உங்களை எரிச்சாச்சு எண்டோ?"

"அவன் வரமாட்டான், பிள்ளை."

"ஆர் சொன்னது?" அக்காவின் குரல் உயர்ந்தது. "ஆர் தேடிப் பாத்தது? எத்தினை வரியம் கேட்டுக்கொண்டிருக்கிறன்! ஒருத்தராவது போய்த் தேடிப் பாத்தியளோ?"

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் பாத்தனான்" என்றார்.

சூடுகாற்று மெஷின் நின்றுவிட்டது. அக்கா விளங்காதவர் போல அவரைப் பார்த்தார்.

"லோமேக்குப் போனனான். இரண்டு வரியத்துக்கு முன்னம். வேலையாலை ரிக்கற் கிடைக்கும்தானே. வீட்டிலை ட்ரெயினிங் எண்டு பொய் சொல்லிப்போட்டுப் போனனான். உனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

நீ சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன் என்றார். இப்போது அது தையல் கடையாம். சுவரில் மிருகப் படம் இல்லை. காவல் கிழவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் கதிரை போட்டு இருக்கிறாராம். அவரிடம் மச்சானுடைய போட்டோவைக் காட்டினாராம்.

"போட்டோவைக் கண்டதும் அந்தக் கிழவன் சிரிச்சான். சிரிச்சுப்போட்டு இரண்டு கையையும் இப்பிடி வைச்சு..." அந்த நெடுவல் மனிதர் இரண்டு கைகளையும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். மூக்கைத் துடிக்க வைக்க அவருக்கு வரவில்லை.

அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "ஞாபகம் வைச்சிருக்கிறான்" என்றார். முகம் முழுக்க வெளிச்சம். "வான் எந்தப் பக்கம் போனது எண்டு கேட்டனீங்களோ? றோட்டாலை எந்தப் பக்கம்?"

"றோட்டாலை இல்லை, பிள்ளை. கடலுக்கு."

அக்கா சட்டத்தை விட்டுக் கட்டிலில் குந்தினார்.

"கரையிலை ஒரு சின்ன வள்ளம் நிண்டதாம். தூரத்திலை நிக்கிற கப்பலுக்கு ஏத்திறம் எண்டு கொண்டுபோனவங்களாம். அண்டைக்குக் கடல் சரியில்லையாம். நான் கரையிலை, துறைமுகத்திலை, ஆஸ்பத்திரியிலை, ஒரு இடம் விடேல்லை. வள்ளம் திரும்பி வரேல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். கண்ட ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை."

ஒரு மனிதன் தன் தங்கைக்காக ஆபிரிக்காவுக்குத் தனியே போய், மொழி தெரியாத கடற்கரையில் போட்டோவை நீட்டிக்கொண்டு அலைந்து, வந்து, இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் மீன்குழம்பும் கொண்டுவந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன்.

அக்கா சொன்னது வேறு.

"ஏன் அண்ணை தேடினனீங்கள்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கையில் இருந்த ஒன்றைத் தட்டிவிட்ட பிள்ளையைத் தாய் கேட்பது போல, ஏலாமல் போய்க் கேட்டார். அண்ணை எழுந்து போனார். போகும்போது குழாயில் தலை பலமாக இடித்தது. அவர் தலையைத் தடவவும் இல்லை.

அதற்குப் பிறகு கீழ்வீடு செத்த வீடு போலாகிவிட்டது. வேலைக்குப் போவார், வருவார். மிளகாய் வறுக்கும் வாசம் வரவில்லை. ஒருநாள் நான் குழாய் வாயடியில் நின்று, "ஐயோ, தோட்டுச் சுரை மறுபடியும் துலைஞ்சுபோச்சே!" என்று வேண்டுமென்றே கத்தினேன். சுரை என் காதிலேயே இருந்தது. கனநேரம் காத்து நின்றேன். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்று நான் குசினியில் இருந்து அழுதேன்.

கலியாணப் பெண்தான் துணிந்து இறங்கினாள். கைக்கு மருதோன்றி போட நாள் குறித்திருந்த கிழமை. நானும் கூடப் போனேன். மாமியின் பக்கத்தில் கட்டிலில் ஏறி இருந்துகொண்டு போனைக் காட்டினாள்.

"மாமி, நான் மோர் வாசிச்சனான். எலியையும் தேடியிருக்கினம். அந்தக் காட்டுக்கு ஆக்கள் போய்த் தேடினவை. கிடைக்கேல்லை."

"பிறகு? கறுப்பு ஆக்கிப்போட்டினமோ?"

"நோ மாமி. தேடிக் கிடைக்காட்டிலும் சாம்பல்தான். ஒருக்காத் தேடினால் காணாதாம்."

அக்கா மருமகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். புல்லை எரிக்க வேண்டாம் என்று அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னது மறுநாள். கலியாணத்துக்கு வருவாரா என்று கேட்டதற்கு, "வருவன்" என்றாராம். எப்படி வருவார் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. தாய்க்காரி எனக்கு இரண்டு தடவை போன் எடுத்து, "பொட்டோடையோ, இல்லாமலோ? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினார்.

கலியாணத்தன்று காலை அண்ணையே காரோடு வந்தார். பெண்ணின் தகப்பனுக்கு ஆயிரம் வேலை. இருந்தும் தானே வந்தார். நாங்கள் வாசலில் நின்றோம். பேஸ்மென்றின் பக்கக் கதவு திறந்தது. அக்கா கத்தரிப்பூ நிறச் சேலையில் படியேறி வந்தார். கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. நெற்றியில் குங்குமம் இல்லை.

புருசனை இழந்தவர்கள் பூசுவது போல வெறும் திருநீற்றுக் குறியும் இல்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவில், குங்குமம் இருந்த அதே இடத்தில், அதே அளவில், திருநீற்றைக் குழைத்து வட்டமாக ஒரு பொட்டு வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில், விளிம்பு கலையாமல்.

அண்ணை அதைப் பார்த்தார். அந்தச் சுவர்ப் படத்தை அவர் கண்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பார். கண் கலங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்காபரோவில் அந்தக் கலியாண மண்டபத்தில் அக்காவின் நெற்றியைப் பார்த்த பெண்கள் குழம்பிப் போனார்கள். ஒருத்தி முன்வரிசையைக் காட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். இன்னொருத்தி பின்னுக்குக் கையைக் காட்டப் போய் அவளும் நிறுத்திக்கொண்டாள். ஆலாத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் முன்னால் வந்தபோது, மணவறைக்குப் பக்கத்துக் கதவிடுக்கிலிருந்து பெண் எட்டிப் பார்த்து, "மாமி, கம்" என்று கையசைத்தாள். அக்கா சிரித்துத் தலையை ஆட்டினார். "நான் இஞ்சை நிக்கிறன், பிள்ளை" என்றார்.

முன்வரிசைகளுக்கும் பின்வரிசைகளுக்கும் இடையில், சனம் நடந்து போகிற வழியில்தான் அவர் நின்றார். வருகிறவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள். போகிறவர்களும் சுற்றிப் போனார்கள். அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்குப் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. அது அவருடைய இடம், அதில் இன்னொருவர் நிற்க முடியாது என்றும் இருந்தது.

பெண்ணின் தகப்பனை ஐயர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மேடையிலிருந்து இறங்கி, மண்டபத்தின் சுவரோரம் போய், ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் வைக்கவில்லை, பின்வரிசையிலும் வைக்கவில்லை. தங்கை நின்ற அந்த இடத்திலேயே வைத்து, அக்கா அதில் உட்காரும்வரை அதன் முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.